கிறிஸ்துமஸ் காலையில் ஒரு மைல்

டிசம்பர் 25 அன்று அயர்லாந்து பூட்டிக் கிடக்கும். பேருந்து ஓடாது, ரயில் ஓடாது. டப்ளின் விமான நிலையமே அன்று ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொள்ளும். மதுக்கடைகள் திறக்கச் சட்டம் இடம் தராது. புனித வெள்ளிக்கு இருந்த தடை 2018-இல் நீங்கியது, கிறிஸ்துமஸ் தடை மட்டும் அப்படியே நிற்கிறது. காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். வான்கோழியை அடுப்பில் ஏற்றியாகிவிட்டது, சாப்பாட்டுக்கு இன்னும் நாலைந்து மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில், ஒரே ஒரு பெரிய தெரு உள்ள சின்ன ஊர்களில்கூட, விளையாட்டுத் திடலின் வாசலில் கார்கள் வந்து நிற்கத் தொடங்கும்.

இறங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிவப்புக் குல்லாய், மான் கொம்பு, முதல் நாள் இரவு யாரோ பரிசாகக் கொடுத்த பொருந்தாத கம்பளிச் சட்டை. குழந்தைகள் அன்று காலை கிடைத்த புது சைக்கிளோடு வந்திருப்பார்கள். நாய்களுக்கும் கழுத்தில் ஜரிகை. வாசலில் ஒருவர் வாளியோடு நிற்பார். அதில் ஐந்தோ பத்தோ யூரோவைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு மைல் ஓடலாம், நடக்கலாம், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உலாவலாம். பெரும்பாலான ஊர்களில் நேரம் குறிப்பவரும் இல்லை, பரிசும் இல்லை. இதற்குப் பெயர் ‘கோல் மைல்’. 1980களிலிருந்து ஆண்டு தவறாமல் நடக்கிறது. நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடந்த ஆண்டுகளும் உண்டு.

பணம் கொடுப்பதுதான் நோக்கமென்றால் ஓர் உறையில் போட்டு அனுப்பிவிடலாம். குளிரில் கொம்பு மாட்டிக்கொண்டு ஏன் வர வேண்டும்? வெளியார் இதை ‘ஐரிஷ்காரர்களின் குறும்பு’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வேடிக்கைக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பணம் கேட்பது கூச்சம். கொடுத்ததை வெளியே காட்டிக்கொள்வதும் கூச்சம். துக்கத்தைப் பேசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய கூச்சம். அந்தக் கூச்சத்தின் மேல் போர்த்துகிற துணிதான் இந்தக் கோமாளித்தனம். இது புதிதாக நெய்த துணியும் இல்லை.

‘கோல்’ என்பது ஓர் அயர்லாந்துத் தொண்டு நிறுவனம். ஜான் ஓஷே என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர் 1977-இல் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. பந்தயங்களைப் பற்றி எழுதுகிறவர் வைத்த பெயர் என்பதால் அதில் கால்பந்து வாசனை அடிப்பதில் வியப்பில்லை. அவர்கள் முதலில் திரட்டிய 10,000 பவுண்டு போய்ச் சேர்ந்த இடம் கல்கத்தா, அங்கே தெருவில் வாழ்ந்த குழந்தைகளுக்காக. இந்தத் தொகையின் பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பார்க்கலாம். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து பட்டினி கிடந்தபோது, வெளிநாட்டிலிருந்து முதலில் வந்த பெரிய உதவி கல்கத்தாவிலிருந்துதான் வந்தது. அங்கே படையிலும் கம்பெனி உத்தியோகத்திலும் இருந்தவர்கள் உள்ளிட்ட பலர் சேர்த்து அனுப்பிய சுமார் 14,000 பவுண்டு. நூற்று முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு தொகைகளும் எதிரெதிர்த் திசையில் கடல் கடந்தன. யாரும் கணக்கை நேர் செய்ய நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிய நாட்டில், தூரத்துப் பசிக்குப் பணம் கேட்கிறவர் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஏன் மைல்? அயர்லாந்து கிலோமீட்டருக்கு மாறிவிட்ட நாடு. சாலைகளின் வேக வரம்புப் பலகைகள்கூட 2005 ஜனவரி 20 அன்று மாறிவிட்டன. அதற்கும் முன்னால் அந்த நாட்டுக்கென்றே ஒரு மைல் இருந்தது. சாதாரண மைலுக்கு 1,760 கஜம் என்றால் பழைய ஐரிஷ் மைலுக்கு 2,240 கஜம், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மேல். 1820களில் வந்த எடை அளவுச் சட்டம் அதை ஒழித்தது என்றாலும் வழி சொல்கிறவர்களின் வாயில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. ‘இன்னும் ஒரு மைல்தான்’ என்று சொன்னதை நம்பி நடந்து களைத்துப்போன வெளியூர்க்காரரின் கதை இல்லாத பயண நூல் அபூர்வம்.

அளவுகோலை விட்டவர்கள் ஓட்டத்தை விடவில்லை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரோனி டெலானி 1500 மீட்டரில் தங்கம் வென்றதிலிருந்து மைலின் மேல் அந்த நாட்டுக்கு ஒரு பித்து. 1958 ஆகஸ்டில் டப்ளினை அடுத்த சான்ட்ரியில் ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் ஒரு மைலை 3 நிமிடம் 54.5 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அந்த ஒரே பந்தயத்தில் ஐந்து பேர் நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்தார்கள். டெலானி அவர்களில் ஒருவர். பிறகு 1985. ஜூலை 13 அன்று டப்ளின் பக்கத்து ஊர்க்காரரான பாடகர் பாப் கெல்டாஃப் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சியை நடத்தினார். தலைக்குக் கணக்குப் பார்த்தால் அள்ளிக் கொடுத்த நாடு அயர்லாந்து என்று பெயர் வாங்கியது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17-இல், பெல்ஃபீல்ட் பல்கலைக்கழகத் தடத்தில் ஏமன் காக்லன், மார்க்கஸ் ஓசலிவன், ஃபிராங்க் ஓமாரா, ரே ஃபிளின் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு மைல் தொடரோட்டமாக ஓடினார்கள். நேரம் 15 நிமிடம் 49.08 விநாடி, உலகச் சாதனை. அந்த ஓட்டம் கோலுக்கு நிதி திரட்டத்தான் நடந்தது. கிறிஸ்துமஸ் காலையில் கொம்போடு தள்ளாடுகிற தாத்தாவுக்கும் அந்த நால்வருக்கும் நடுவில் இருப்பது அதே ஒரு மைல். ஐந்து கிலோமீட்டர் என்று வைத்திருந்தால் தாத்தா வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

சின்ன ஊரில் இதை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்தால் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். ஓட்டக் கழகம், பள்ளிக்கூட ஆசிரியர், ஜி.ஏ.ஏ. கிளப். கேலிக் விளையாட்டுகளை நடத்தும் இந்தச் சங்கம் 1884-இல் தர்லஸ் என்ற சிற்றூரின் ஒரு விடுதியில் தொடங்கியது. பங்குக்கு ஒரு கிளப் என்பது அதன் பழைய வழக்கம். தேவாலயப் பங்கின் எல்லைதான் அணியின் எல்லை. இன்று 2,000-க்கும் மேற்பட்ட கிளப்கள் உண்டு. உச்ச மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது. அதனால் ஊரில் எது நடந்தாலும் நாற்காலி போடவும், கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லவும், தேநீர் கொதிக்கவைக்கவும் பழகிய கைகள் அங்கே எப்போதும் தயார். ஐரிஷ் மொழியில் ‘மெஹல்’ என்றொரு சொல் இருக்கிறது. அறுவடைக்கும் நிலக்கரி போல் எரிக்க உதவும் பீட் மண் வெட்டுவதற்கும் அக்கம்பக்கத்தார் ஒருவர் வயலில் ஒருவர் கூலியில்லாமல் இறங்கி வேலை செய்கிற வழக்கம். இயந்திரம் வந்து வயலில் அது மறைந்துவிட்டது. திடலில் மிச்சமிருக்கிறது.

வேறு பல இடங்களில் மிச்சமில்லை. 2012, 2013 ஆண்டுகளில் மட்டும் 139 காவல் நிலையங்களை அரசு மூடியது, பெரும்பாலும் கிராமங்களில். 2018-இல் 159 அஞ்சல் நிலையங்கள் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. 1970களின் தொடக்கத்தில் கத்தோலிக்கரில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாரந்தோறும் பூசைக்குப் போனார்கள். இன்றைய ஞாயிறுகளில் பல கோயில்களில் பின்வரிசைகளை எண்ணிப் பார்க்கவே வேண்டாம், காலி. ஊர் முழுக்க ஒரே இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் வேளை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் ஓட்டத்தின் நாளுக்குள்ள சூட்சுமம் இங்கேதான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஒரு தலைமுறை சிட்னிக்கும் டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. போனவர்கள் வருவது டிசம்பர் கடைசி வாரத்தில்தான். திடலைச் சுற்றி நாலு சுற்று நடப்பதற்குள் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் கையில் புதுக் குழந்தை, யார் தலையில் முடி போய்விட்டது என்று ஊரே தெரிந்துகொள்கிறது. வருகைப் பதிவேடு என்று இதைச் சொல்லலாம். பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி.

வேடம் போட்டுக்கொண்டு காசு திரட்டும் பழக்கத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாள். அயர்லாந்தில் அதற்கு ‘ரென் நாள்’ என்றும் பெயர். ரென் என்பது சின்னஞ்சிறு பழுப்புக் குருவி. ஒளிந்திருந்த ஸ்தேவானைச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது என்று அதன்மேல் ஒரு பழி. பதுங்கித் தாக்க வந்த ஐரிஷ் வீரர்களைப் பகைவரின் முரசின் மேல் உட்கார்ந்து கொத்திக் காட்டிக்கொடுத்தது என்று இன்னொரு பழி. அந்தக் காலத்தில் இளைஞர்கள் அதை வேட்டையாடி, முட்செடிக் கிளையில் கட்டி, வீடு வீடாகத் தூக்கிப்போய், குருவியை அடக்கம் செய்யக் காசு கேட்பார்கள். உடம்பெல்லாம் வைக்கோல், தலைக்கு வைக்கோல் கூம்பு, முகத்தில் கரி. திரண்ட காசு பெரும்பாலும் ஒரு ராத்திரி ஆட்டத்துக்கும் குடிக்கும் போகும்.

கெர்ரி மாவட்டத்தில் மேற்குக் கடலோரம் டிங்கிள் என்ற ஊர் இருக்கிறது, சுமார் 2,000 பேர். அங்கே இன்றும் ரென் நாளில் தெருவுக்கொரு கூட்டம் புறப்படும். வைக்கோல் உடை, மரக்குதிரை, முரசு, குழல். கொடிகளின் பின்னால் ஊரே நடக்கும். உயிருள்ள குருவியை இப்போது யாரும் தொடுவதில்லை. காசு திரட்டுகிறார்கள், அது தொண்டு காரியங்களுக்குப் போகிறது. இதில் நான் கவனிப்பது முகமூடியை. கேட்கிறவன் யாரென்று தெரியாது என்று இரண்டு தரப்பும் நடிக்கிறது. உண்மையில் செருப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும் ஊர் அது. ஆனால் அந்த நடிப்பு இருப்பதால்தான் கேட்க முடிகிறது, கொடுக்க முடிகிறது, கொடுக்காமல் கதவைச் சாத்தினாலும் மறுநாள் பகையில்லாமல் பேச முடிகிறது. மான் கொம்பும் சிவப்புக் குல்லாயும் வைக்கோல் கூம்பின் பேரப்பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு ஆவணச் சான்று கிடையாது. செய்கிற வேலை ஒன்று என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆய்வாளர்கள் வேறொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இருவர் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்கொடை தருவதற்கு உடம்பு வருத்தமும் முயற்சியும் தேவைப்படும்போது, சுகமான விருந்துக்குக் கொடுப்பதைவிட மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அதன் முடிவு. ‘தியாகி விளைவு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். துன்பப்படுகிறவர்களுக்கான காரியம் என்றால் இந்த விளைவு கூடுகிறது, பூங்கா அமைப்பது போன்ற மகிழ்ச்சிக் காரியம் என்றால் குறைகிறது. அயர்லாந்துக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பாட்ரிக் மலையில் ஜூலை கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். உச்சியில் சரளைக் கல். அதிலும் சிலர் வெறுங்காலோடு போகிறார்கள். 2022 ஏப்ரல் 2 அன்று அதே மலையில் சார்லி பேர்ட் ஏறினார். ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அரசுத் தொலைக்காட்சியில் செய்தி சொன்ன குரல் அவருடையது. இயக்க நரம்பணு நோய் முதலில் அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டது. அவர் ஏறிய நாளில் நாட்டின் மற்ற குன்றுகளிலும் மக்கள் ஏறினார்கள். 30 லட்சம் யூரோவுக்கு மேல் திரண்டது. 2024 மார்ச்சில் அவர் காலமானார்.

மலைக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. மைலுக்குப் பொருந்துமா? கிறிஸ்துமஸ் காலையில் ஒரு மைல் உலாவுவதில் என்ன தியாகம்? வான்கோழிக்குப் பசியை ஏற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். உடலை வருத்துவதைவிட, தன்னைக் கொஞ்சம் கேலிக்கு ஆளாக்கிக்கொள்வதுதான் இங்கே செலுத்தும் விலை என்று தோன்றுகிறது. லண்டன் மராத்தானுக்காக இணையத்தில் நிதி திரட்டியவர்களின் பக்கங்களை சாரா ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 2015-இல் எழுதியது இதற்கு உதவும். முன்னால் ஒருவர் பெரிய தொகை போட்டிருந்தால் பின்னால் வருகிறவரின் தொகையும் உயர்கிறது, சிறிதாகப் போட்டிருந்தால் தாழ்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துத்தான் நம் கை போகிறது. வாளிக்கு இதில் ஒரு மேன்மை உண்டு. உள்ளே விழுந்தது ஐந்தா ஐம்பதா என்று அடுத்து நிற்பவருக்குத் தெரியாது.

வேடிக்கை எல்லாமே வெள்ளை மனசு என்று எண்ணிவிடக் கூடாது. ஓட்டத்தைக் காட்டித் தர்மம் திரட்டுவதில் அயர்லாந்துக்கு ஒரு கறுப்பு அத்தியாயமும் இருக்கிறது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் மருத்துவமனைகள் பணமில்லாமல் தவித்தபோது, 1930-இல் சட்டம் செய்து ‘ஐரிஷ் ஹாஸ்பிட்டல்ஸ் ஸ்வீப்ஸ்டேக்’ என்ற லாட்டரியை அனுமதித்தார்கள். இங்கிலாந்தின் குதிரைப் பந்தயங்களை வைத்துப் பரிசு. ஒரு பெரிய உருளையைச் சுற்ற, சீருடை அணிந்த நர்சுகள் சீட்டெடுக்க, வேடமணிந்த பெண்கள் டப்ளின் தெருவில் ஊர்வலம் போக, உலகமே பார்த்தது. லாட்டரி தடை செய்யப்பட்டிருந்த பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சீட்டுகள் திருட்டுத்தனமாக விற்றன. மருத்துவமனைகள் எழும்பியது உண்மை. ஆனால் விற்ற பணத்தில் அவற்றுக்குப் போனது சிறு பங்கு. நடத்தியவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். 1987-இல் தேசிய லாட்டரி வந்த பிறகுதான் கடை மூடப்பட்டது. இங்கே வேடிக்கை கூச்சத்தை மட்டும் மறைக்கவில்லை, கணக்கையும் மறைத்தது.

பாடம் முழுதாகப் படிக்கப்பட்டதா என்றால் இல்லை. 2013-இல் ஒரு பெரிய மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் நன்கொடைப் பணத்திலிருந்து மேலதிகாரிகளின் சம்பளத்துக்குக் கூடுதல் தொகை போனது அம்பலமாகி நாடு கொதித்தது. தொண்டு நிறுவனங்களுக்கென 2009-இல் செய்துவிட்டுக் கிடப்பில் போட்ட சட்டத்தைத் தூசு தட்டி, 2014-இல் ஒழுங்காணையம் ஒன்றை நிறுவினார்கள். கோலும் தப்பவில்லை. சிரியா நிவாரணத்துக்கான கொள்முதல்கள் குறித்து அமெரிக்க அரசு விசாரணை நடத்தியதில், 2016-இல் அதன் தலைமை அதிகாரி விலகினார். அந்த டிசம்பரிலும் மைல் ஓடினார்கள். இதை வியந்து பாராட்டவும் எனக்கு மனமில்லை, பழிக்கவும் மனமில்லை. வாளி பிடித்து நின்றவர் டப்ளின் தலைமையகத்தின் ஆள் கிடையாது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மக்கள் நம்பியது அவரை. அந்த நம்பிக்கையை மேலே இருப்பவர்கள் இலவசமாக அனுபவிக்கிறார்கள் என்பதுதான் உறுத்தல்.

பணம் போய்ச் சேருமிடத்துக்கும் கொடுத்த கைக்கும் சில சமயம் ஒரே இரவுதான் இடைவெளி. 2004 டிசம்பர் 25 அன்றும் திடல்களில் மைல் ஓடினார்கள். மறுநாள், வைக்கோல் உடைக்காரர்கள் டிங்கிளில் புறப்படும் ரென் நாளில், இந்துமாக்கடல் எழும்பியது. அதற்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் வந்து வேலை செய்த அமைப்புகளில் கோலும் ஒன்று.

கடைசியாக, சிரிப்பே இல்லாத ஒன்று. ‘டார்க்னஸ் இன்டு லைட்’, இருளிலிருந்து ஒளிக்கு. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை 4.15-க்குத் தொடங்கும் ஐந்து கிலோமீட்டர் நடை. அந்த நேரத்தைத் தவிர அதில் வேடிக்கை எதுவும் இல்லை. தற்கொலையைத் தடுக்கவும், அதில் உறவுகளை இழந்தவர்களைத் தேற்றவும் 2006-இல் தொடங்கிய ‘பியட்டா’ என்ற அமைப்புக்காக நடக்கிறது. 2009-இல் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சுமார் 400 பேர் முதலில் நடந்தார்கள். சில ஆண்டுகளில் ஊர் ஊராகப் பரவியது. தற்கொலை முயற்சி அயர்லாந்தில் 1993 வரை குற்றம். சட்டம் மாறிய பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை. சின்ன ஊரில் அப்படி ஒரு சாவு நடந்த வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், என்ன கேட்பதென்று தெரியாமல் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். நடுநிசி தாண்டிய அந்த வேளையில், எல்லோரும் ஒரே மஞ்சள் சட்டையில், இருட்டில், முகம் சரியாகத் தெரியாமல் நடக்கலாம். வைக்கோல் கூம்பு செய்ததை இங்கே இருட்டு செய்கிறது.

பியட்டாவின் வருமானத்தில் பெரும்பகுதி அரசுப் பணம் அல்ல, இப்படித் திரட்டியது. 2020-இல் பெருந்தொற்றால் நடை ரத்தானபோது அந்த ஒரு விடியல் போனதற்கே அமைப்பு ஆட்டம் கண்டது. கார்க் மாவட்டத்தில் 2019-இல் பறக்கத் தொடங்கிய ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கும் மக்கள் நன்கொடையே தூணாக இருந்தது. கடலில் தத்தளிப்பவரை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. படகுகளுக்கும் அப்படித்தான். உயிர் காக்கும் வேலையை ஓர் அரசு வாளிக்கு விட்டுவிடலாமா என்று கேட்டால் கூடாது என்றே சொல்வேன். வாளி இல்லாமல் இவை தொடங்கியிருக்குமா என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்த மே சனிக்கிழமையில் ஐந்தரை மணிக்கு மேல் சூரியன் எட்டிப் பார்க்கும். அதற்குள் நடை முடிந்து, கிளப் கூடத்தில் தேநீரும் ரொட்டியும் வந்துவிடும். பேச்சு அதிகம் இருக்காது. கோப்பையைக் கையில் பிடித்தபடி, ஆறு மாதமாகத் தெருவில் ஒதுங்கிப் போன ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் வந்து நிற்பார். மஞ்சள் சட்டையைக் கழற்றாமலே சிலர் சீக்கிரம் புறப்பட்டுவிடுவார்கள், மாடுகளுக்குப் பால் கறக்க நேரமாகிவிட்டது.